ஹோர்சன்ஸ் மண்டபம்

தான் கட்டிய மண்டபத்தை இடிக்க நகரசபை திட்டமிடுகிறது என்ற செய்தியை நெஜாத் எர்தெம் நின்றபடியே வாசித்தார். பிறகு கணினித் திரையைத் தன்னிடம் வேலைசெய்யும் சுஜாந்தினியின் பக்கம் திருப்பிவிட்டுத் தேநீர் போடப் போனார். ஹோர்சன்ஸ் நகரின் பொது மண்டபம் அது. இஸ்மிரிலிருந்து படிக்க வந்து டென்மார்க்கிலேயே தங்கிவிட்ட அவர் எழுப்பிய ஒரே பெரிய கட்டடம். அதற்குப் பின் அவர் கட்டியது குறைவு. அல்பர்ட்ஸ்லுண்ட் என்ற புறநகரில் இரண்டு அறைகளை வாடகைக்கு எடுத்து, கட்டடக்கலைஞர்களுக்கென்று ஒரு காலாண்டிதழ் நடத்தினார். பரிசு வாங்கிய கட்டடங்களுக்குள் வசிப்பவர்களைப் போய்க் கேட்டு எழுதும் இதழ். அதனால் சந்தாதாரர்கள் கூடினார்கள், நண்பர்கள் குறைந்தார்கள்.

எஞ்சிய நண்பர்களில் இருவர் அன்றே தொலைபேசினார்கள். அடுத்த இதழ் முழுவதையும் மண்டபத்தைக் காப்பாற்ற ஒதுக்கவேண்டும் என்றார்கள். தன் கட்டடம் தன் இதழில் வராது என்று நெஜாத் சொன்னார். தொலைபேசியை வைத்துவிட்டுச் சுஜாந்தினியிடம் திரும்பினார்.

"வராது என்பதும் ஒருவகையில் தப்பித்துக்கொள்வதுதான்," என்றார் டேனிஷ் மொழியில். "நீ சிறுவயதில் அந்த மண்டபத்தில் தமிழ் படித்தவள். நீ எழுது."

"எனக்கு அந்த மண்டபம் பிடிக்காது."

"தெரியும். வேலை கேட்டு வந்த அன்றைக்கே சொன்னாய்."

சனிக்கிழமை அவள் ரயிலேறி ஹோர்சன்ஸுக்குப் போனாள். அப்பா நீக்கிலாஸ் இறைச்சித் தொழிற்சாலையிலிருந்து ஓய்வுபெற்று அங்கே தனியே இருந்தார். மண்டபத்தைப் பற்றி அவர் சொன்னவை அவளுக்கும் நினைவில் இருந்தன. மழை பெய்தால் ஒழுகும் இடங்களில் வாளி வைப்பார்கள். கூரையின் உயரத்தில் குரல் சிதறி, ஆசிரியை சொல்வது பின்வரிசைக்குக் கேட்காது. குசினியில் இரண்டு பேர் நின்று சமைத்தால் மூன்றாமவர் உள்ளே வர முடியாது. அவள் குறித்துக்கொள்வதைப் பார்த்து அவர் நிறுத்தினார்.

"இதையெல்லாம் எழுதப் போறியே?"

"ஓம்."

"அந்த மனுசன்தானே உனக்கு வேலை தந்தவர்."

"அவர்தான் எழுதச் சொன்னவர் அப்பா."

"சொல்லுவினம். வாசிச்சா நோகும்." கோப்பையைக் கழுவி வைத்துவிட்டு வந்து உட்கார்ந்தார். "கொம்மா செத்தநேரம் அவவைக் கொண்டுபோய் வைச்சு அழ எங்களுக்கு அந்த ஒரு இடம்தான் கிடைச்சது. அதையும் எழுது."

எழுதினாள். நெஜாத் கட்டுரையை ஜன்னலருகே நின்று வாசித்தார். ஒழுகலிலும் எதிரொலியிலும் ஒரு சொல்லைக்கூட அவர் மாற்றவில்லை. அம்மாவை அங்கே வைத்து அழுததைச் சொன்ன கடைசிப் பந்தியை மட்டும் அடித்தார்.

"உங்களை உள்ளே விட்டது நகரசபை. கட்டடமல்ல. அந்தப் பாராட்டு எனக்கு உரியதில்லை."

"அது பாராட்டு இல்லை. அங்கே நடந்தது. அதை எடுத்தால் என் பெயரையும் எடுத்துவிடுங்கள்."

இதழ் அந்தப் பந்தியுடனேயே வந்தது.

நகரசபைக் கூட்டத்தில் ஓர் உறுப்பினர் அந்தக் கட்டுரையைக் கையில் வைத்துக்கொண்டு பேசினார். ஒழுகலை வாசித்தார், எதிரொலியை வாசித்தார், கடைசிப் பந்திக்கு முன் நிறுத்திக்கொண்டார். கட்டியவரின் இதழே ஒத்துக்கொள்கிறது என்றார். மண்டபத்தை வைத்திருக்க நினைத்தவர்களில் சிலரும் அதன்பின் இடிப்பதற்கே கைதூக்கினார்கள்; இடிப்பது முடிவானது. சுஜாந்தினி கூட்டத்தை இணையத்தில் பார்த்துக்கொண்டிருந்தாள். மறுநாள் நெஜாத்திடம் மன்னிப்புக் கேட்கப் போனாள்.

"பொய் எழுதினாயா?"

"இல்லை."

"அப்படியென்றால் அடுத்த இதழைப் பார்ப்போம்," என்றார். ஆனால் அன்று மதியமே வீட்டுக்குப் போய்விட்டார். ஒரு வாரம் வரவில்லை.

இடிப்பு தொடங்கியபின் ஒருநாள், ஹோர்சன்ஸுக்குப் போகலாமா என்று அவரே கேட்டார். வேலிக்கு வெளியே நீக்கிலாஸ் சைக்கிளோடு நின்றிருந்தார். இருவரும் அதற்குமுன் சந்தித்ததில்லை. நெஜாத் கைகொடுத்து, "உங்கள் மனைவியை எங்கே வைத்திருந்தீர்கள்?" என்று கேட்டார். நீக்கிலாஸ் தன் உடைந்த டேனிஷில், பாதி பெயர்ந்த கட்டடத்துக்குள் கைநீட்டிக் காட்டினார். இங்கே பெட்டி, அங்கே பிள்ளைகள், சுவரோரம் தொழிற்சாலை ஆட்கள். நெஜாத் வேலியைப் பிடித்தபடி அந்தக் கை போன இடமெல்லாம் பார்த்தார்.

இடிக்கும் இயந்திரம் நின்றது. அதை ஓட்டியவன் இறங்கி, தலைக்கவசத்தைக் கழற்றினான். உட்கார இடம் தேடுவதுபோல் சுற்றிப் பார்த்துவிட்டு, இன்னும் விழாமல் நின்ற சுவரில் நெஜாத் தாழ்வாக அமைத்திருந்த அகன்ற ஜன்னல் திட்டில் போய் அமர்ந்தான். முதுகு சட்டத்தில் சரியாகச் சாய்ந்தது. காலைத் தூக்கி நீட்டிக்கொண்டு, வெயிலில் கண்ணை மூடி, ரொட்டியைக் கடித்தான்.