மிளகாய்ப் பாத்தியில் ஆமை

ஜெர்மனியில், டார்ம்ஸ்டாட்டின் புறநகரில் கமலநாயகிக்குத் தோட்டச் சங்கத்திடமிருந்து வாடகைக்கு ஒரு சின்னத் தோட்டத் துண்டு கிடைக்க நாலு வருடம் பிடித்தது. ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் வேலை முடிந்ததும் நேரே அங்கேதான் போவாள். 2006 ஜூன் மாதம் ஒரு பின்னேரம், மிளகாய்க் கன்றுகளுக்கு நடுவே கறுத்த ஓட்டில் மஞ்சள் புள்ளிகளோடு ஓர் ஆமை பின்னங்கால்களால் மண்ணைத் தோண்டிக்கொண்டிருந்தது. முட்டையிட்டு, குழியை மூடி, வேலிக்கடியால் அது போய்விட்டது.

"மண்ணைக் கிளறாதையும். ஆருக்காவது சொல்லுவம்" என்றார் கணவர் தம்பித்துரை.

மறுநாள் இயற்கைப் பாதுகாப்பு அலுவலகத்திலிருந்து லென்ஸ் என்ற பெண் வந்தாள். இந்த மாநிலத்தில் ஏறக்குறைய அற்றுப்போன குளத்தாமை இது, பக்கத்து ஏரியில் சிலவற்றை விட்டிருக்கிறோம் என்று எளிய ஜெர்மனில் விளக்கினாள். முட்டைகளை எடுத்துக்கொண்டு போகலாம், ஆனால் அசைத்தால் கெடக்கூடும். குஞ்சுகள் பொரித்தாலும் குளிர்காலம் முழுக்க மண்ணுக்குள்ளேயே இருக்கும். ஏப்ரல் வரை அந்தப் பாத்தியில் தோண்டவும் கூடாது, தண்ணீர் ஊற்றவும் கூடாது.

கமலநாயகி கன்றுகளைப் பார்த்தாள். அவள் விதை போட்டு, ஜன்னலோரத்தில் வளர்த்தவை.

"இருக்கட்டும்" என்றாள்.

முட்டை தின்ன நரியும் ரக்கூனும் வராமல் லென்ஸ் கம்பி வலை பொருத்திவிட்டுப் போனாள். தண்ணீரில்லாமல் கன்றுகள் வாடிச் செத்தன. துண்டில் பாதிக்கு மேல் அந்தப் பாத்திதான்; அதில் புல் முளைத்தது. ஆகஸ்டில் தோட்டச் சங்கத்திலிருந்து கடிதம் வந்தது: பயிரிடாமல் கிடக்கும் துண்டைத் திருப்பி எடுக்க நேரும்.

"மகனைக் கொண்டு பதில் எழுதுவிப்பம்" என்றார் தம்பித்துரை.

"வேண்டாம். நான் போய்க் கதைக்கிறன்."

"உமக்கு அவ்வளவு ஜெர்மன் வராதே."

"வாறதைக் கதைப்பன்."

சங்கக் கூட்டத்தில் அவள் எழுந்து நின்றாள். வசனங்கள் முறிந்து முறிந்துதான் வந்தன. ஆமை வந்ததையும், ஏப்ரல் வரை மண்ணைத் தொட ஏலாதென்பதையும் சொன்னாள். பயிரிட்டாக வேண்டும் என்ற சங்க விதியை விடமுடியாது என்றார் தலைவர். பக்கத்துத் துண்டுக்காரக் கிழவர், தன் உருளைக்கிழங்குப் பாத்தியில் பாதியை அவள் பெயரில் எழுதிக்கொள்ளுங்கள், விதிக்கு அது போதுமே என்றார். தலைவர் சரியென்று தலையாட்டினார்.

ஏப்ரல் நடுவில் மண் வெடித்தது. ஒன்பது முட்டைகளில் ஐந்து பொரித்திருந்தன. ஒவ்வொரு குஞ்சும் இரண்டு யூரோ நாணயமளவு. லென்ஸ் ஒவ்வொன்றாய் நிறுத்து எழுதினாள். பிறகு மூவருமாய் ஏரிக்கரைக்குப் போனார்கள்.

"எத்தினை தப்பும்?" தமிழில் கேட்டுவிட்டு, கமலநாயகி அதையே ஜெர்மனில் கேட்டாள்.

"ஒன்று தப்பினாலே நல்லது" என்றாள் லென்ஸ்.

கடைசிக் குஞ்சைக் கமலநாயகி தண்ணீர் விளிம்பில் வைத்தாள். அது கொஞ்ச நேரம் அசையாமல் இருந்துவிட்டு, நாணல்களுக்குள் நுழைந்தது.

"போயிட்டுது" என்றாள். தம்பித்துரை அவள் எழும்பக் கை கொடுத்தார்.