ஒரே ஒரு நீலப் புள்ளி

“தினமும் எங்கெல்லாம் போவேம்மா?”

ஊரார் பயணத்தைக் கணக்கெடுக்க வந்த பெண் இப்படிக் கேட்டபோது சின்னவள் ஜன்னலைப் பார்த்தாள். பள்ளியை விட்டதிலிருந்து அவள் போகிற தூரம் கட்டிலிலிருந்து ஜன்னல் வரைதான். அங்கே உட்கார்ந்து சட்டைகளுக்குப் பொத்தான் தைப்பாள்.

“இவளா? வாசலுக்கே வழி கேப்பா!” என்றாள் அக்கா.

வந்தவள் சிரித்தபடி இருவர் போனிலும் ஒரு ஆப்பை ஏற்றினாள். போகிற வழியை அதுவே கோடாக வரையுமாம். நின்ற இடத்துக்கெல்லாம் காரணம் கேட்குமாம்.

அன்று மாலை அக்காவின் போனில், மருந்துக்கடை வேலைக்குப் போய்வந்த வழி நீளமாய் நெளிந்து கிடந்தது. சின்னவளுக்கோ ஒரே ஒரு நீலப் புள்ளி. பார்க்கப் பார்க்க அழுகை முட்டியது.

மறுநாள் காலை தன் போனை அக்காவின் சாப்பாட்டுப் பைக்குள் நழுவவிட்டாள்.

மாலையில் பார்த்தால் அவளும் ஊரெல்லாம் சுற்றியிருந்தாள்! தினமும் இதே வேலையானது. மருந்துக்கடைக்குப் போன காரணம், ‘வாசனை பிடிக்க’. சிக்னலில் நின்றது, ‘மேகம் கடந்து போகட்டும் என்று’. பாலத்தில், ‘தண்ணீர் பார்க்க’. எழுதிவிட்டுக் கண்ணை மூடினால் தண்ணீர் வந்து கணுக்காலைத் தொடும். மடியில் கிடக்கும் பொத்தான்கள் மீன்களாகி நழுவும்.

அக்காவின் விடுமுறை நாளில் கணக்கெடுக்க வந்த பெண்ணிடமிருந்து சின்னவளுக்குப் போன் வந்தது.

“என்னம்மா, ரெண்டு பேர் கோடும் ஒட்டிப் பொறந்த மாதிரி இருக்கு! பாலத்துல அக்கா ‘பஸ் மாற’ன்னு போடுறாங்க, நீ தண்ணி பாக்கறேங்கறே. நெசமாவே போறியா, போன் மட்டும் போகுதா? போன் மட்டும்னா உன் கோடெல்லாம் அழிச்சிடணும்மா.”

பொய் சொல்லத்தான் நினைத்தாள் சின்னவள். “போன் மட்டும்தான்,” என்றாள்.

“சரி, அழிச்சிடறேன். இனிமே நீ போறதா இருந்தா மட்டும் எடுத்துட்டுப் போ.”

பக்கத்திலிருந்து கேட்ட அக்கா விழுந்து விழுந்து சிரித்தாள். “அடிப்பாவி! பை கனக்குதே, அம்மா கூடுதலா வச்சிட்டாங்கன்னுல்ல நினைச்சேன்!”

“அக்கா, பாலத்துக்குக் கீழ தண்ணி இருக்கா?”

“யாருடி குனிஞ்சு பாத்தா? பஸ் வருதான்னு பாக்கவே நேரம் பத்தல.”

போனில் கோடுகள் ஒவ்வொன்றாய்க் கரைந்தன. மறுபடி அந்த ஒற்றைப் புள்ளி. சின்னவள் நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள். ஊசியைத் துணியில் குத்தி வைத்தாள். தன் பழைய பள்ளிச் செருப்பில் கால் நுழையவில்லை, அக்காவுடையதை மாட்டிக்கொண்டாள்.

“ஏய், என் செருப்பு! எங்கடி கிளம்பிட்டே?”

போனை உள்ளங்கையில் பொத்திக்கொண்டு அவள் படியிறங்கினாள்.