இரண்டாவது பந்து

என் ஓரகத்தியை எனக்குப் பிடிக்காது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். பிடிக்கும். எல்லாருக்கும் அவளைப் பிடிக்கிறதே, அதுதான் எனக்குப் பிடிக்கவில்லை.

ஒரே வீடு, ஒரே சமையலறை. கொழுந்தனைக் கட்டிக்கொண்டு வந்தவள் சும்மா இருக்கிறாளே என்று, நான் இஸ்திரி போடும் ஓட்டல் சலவைப் பிரிவில் நான்தான் பேசிச் சேர்த்துவிட்டேன். சொந்தச் செலவில் சூனியம் வைத்துக்கொள்வது என்பார்களே, அதுதான்.

ஓட்டலில் பிரிவுகளுக்கிடையே பெண்கள் வாலிபால் போட்டி என்று அறிவித்தார்கள். எங்களில் ஒருத்திக்கும் ஆட்டத்தில் ஆனா ஆவன்னா தெரியாது. இவள் செல்போனில் ஒரு வீடியோவைத் தேடிப் பிடித்தாள். சாப்பாட்டு நேரத்தில் சோப்புத்தூள் டிரம்மின் மேல் போனைச் சாய்த்து வைப்பாள். எல்லாரும் சுற்றி உட்கார்ந்து மெல்வதை மறந்து பார்ப்பார்கள். பிறகு பின்பக்கம் போய், துணி உலர்த்தும் கொடியையே வலையாக வைத்துக்கொண்டு ஆட்டம்.

முதல் பந்தை யார் வேண்டுமானாலும் எடுக்கலாம், இரண்டாவது பந்து செட்டருக்கு, அவள் தூக்கிக் கொடுத்ததும் இன்னொருத்தி அடிக்க வேண்டும் என்றார் வீடியோக்காரர். அப்படியானால் ஒவ்வொரு தடவையும் பந்து செட்டர் கைக்கு வந்துதான் போகும். அந்த இடம் எனக்கு வேண்டும் என்று அந்த நிமிஷமே முடிவு செய்துவிட்டேன். நான் வாயைத் திறப்பதற்குள், வாஷிங் மெஷின் பார்க்கிற குண்டக்கா முந்திக்கொண்டாள்.

"செட்டரா நீயே நில்லும்மா. உன் கைதான் பூ மாதிரி இருக்கு," என்றாள் என் ஓரகத்தியிடம்.

என் கை மட்டும் என்ன, முள்ளா?

அன்றோடு அவளிடம் பேச்சை நிறுத்தினேன். உப்பு எங்கே என்பதைக்கூட மாமியார் வழியாகத்தான் கேட்டேன். சாப்பாட்டு நேரத்தில் இஸ்திரி மேசைப் பக்கம் தனியாக உட்கார்ந்து, அதே வீடியோவை என் போனில் பார்த்தேன். வீட்டில் கதவைச் சாத்திக்கொண்டு தலையணையைத் தூக்கிப் போட்டுப் பழகினேன்.

"பஞ்சு எல்லாம் வெளிய வருது. யார் மேல இவ்ளோ கோவம்?" என்றார் வீட்டுக்காரர்.

உங்கள் தம்பி பெண்டாட்டி மேல் என்று சொல்லவா முடியும்?

போட்டிக்கு முந்தைய நாள்தான் அது என் கண்ணில் பட்டது. வீடியோக்காரரின் சட்டைப் பை வலப்பக்கம் இருந்தது. விடிந்தால் சட்டைதான் தேய்க்கிறேன், பை இடப்பக்கம் வரும் என்று எனக்குத் தெரியாதா? மனிதர் கண்ணாடியில் தெரிவது போல இடவலம் மாறிப் பதிவாகியிருந்தார். சர்வ் நம் கைக்கு வரும்போதெல்லாம் ஆறு பேரும் ஆளுக்கொரு இடம் நகர்ந்து சுற்ற வேண்டும். அவரைப் பார்த்து, கடிகார முள் போகிற பக்கம் சுற்ற வேண்டியவர்கள், நேர் எதிர்ப்பக்கம் சுற்றப் பழகியிருந்தோம்.

வயிற்றில் பால் வார்த்தது போல இருந்தது. எல்லார் முன்னாலும் போட்டு உடைத்தால் அவள் வண்டவாளம் தண்டவாளம் ஏறிவிடும், செட்டர் இடம் தானாக என்னிடம் வரும்.

மறுநாள் கார் நிறுத்துமிடத்தில் போட்டி. எதிரே சமையல் பிரிவு. செக்யூரிட்டி அதிகாரி விசிலை வாயில் வைக்கும்போது கையைத் தூக்கினேன்.

"கொஞ்சம் நில்லுங்க. இவ கத்துக்கொடுத்தது தப்பு. நாம எதிர்ப்பக்கமா சுத்திக்கிட்டு இருக்கோம்."

யாரும் அதிர்ச்சியடையவில்லை. குண்டக்கா கொட்டாவி விட்டாள்.

"ஆமாக்கா," என்றாள் ஓரகத்தி. "வேற வீடியோ பாத்தப்பவே தெரிஞ்சுது. கிச்சன்காரங்களும் அதே வீடியோவத்தான் பாத்திருக்காங்க. இப்ப மாத்தினா எல்லாரும் குழம்பிடுவோம், ரெண்டு டீமும் இப்படியே சுத்திக்கலாம்னு சார்கிட்ட பேசியாச்சு."

"என்கிட்ட ஏன் யாரும் சொல்லல?"

"சொல்லத்தான் வந்தேன். என்னப் பாத்ததும் முகத்தத் திருப்பிக்கிட்டீங்க."

குரலில் ஒரு குத்தல் இருந்திருந்தால் பதிலுக்கு நாலு வார்த்தை விட்டிருப்பேன். குத்தலே இல்லை. எனக்குத்தான் முகத்தை எங்கே வைப்பதென்று தெரியவில்லை.

"செட்டரா நீங்க நில்லுங்கக்கா," என்றாள் மெதுவாக. "தலையணை தொப்பு தொப்புனு விழுறது எங்க ரூம் வரைக்கும் கேக்குது. நான் அடிக்க நிக்கறேன்."

சண்டை போட்டுப் பிடுங்கியிருந்தால் இனித்திருக்கும். தானாகத் தூக்கிக் கொடுத்தது கசந்தது. ஆனாலும் வேண்டாம் என்று சொல்ல நான் என்ன பைத்தியமா? போய் நின்றுகொண்டேன்.

முதல் பந்தைக் குண்டக்கா எப்படியோ எடுத்துவிட்டாள். அது உயரப் போய் நேராக என்னிடம் இறங்கியது. வலது ஓரத்தில் நின்றவள் செருப்பு வாரை மாட்டிக்கொண்டிருந்தாள். இடது பக்கம் என் ஓரகத்தி கையை ஓங்கி எழும்பத் தயாராக நின்றாள். அப்போதுதான் எனக்கு உறைத்தது: நான் இத்தனை நாள் ஏங்கிய இடத்துக்கு உள்ள ஒரே வேலை, இன்னொருத்தி பேர் வாங்கப் பந்தைத் தூக்கிக் கொடுப்பது.

கொடுத்தேன். அடித்தாள். பந்து கிச்சன்காரிகளுக்கு நடுவே விழுந்தது. சலவைப் பிரிவு மொத்தமும் அவள் மேல் போய் விழுந்தது.

அந்தக் கூட்டத்திலிருந்து பிய்த்துக்கொண்டு வந்து, "சூப்பர் செட்டுக்கா" என்றாள். இருந்த சத்தத்தில் அது எனக்கு மட்டும்தான் கேட்டது. கொஞ்சம் உரக்கச் சொன்னால் இவளுக்கு என்ன குறைந்துவிடும்?

வயிறு எரிந்தது. அடுத்த பந்தையும் அவளுக்குத்தான் கொடுத்தேன்.