நெஞ்சு உயரத்தில் அளந்தவள்

செங்கல் சூளை முதலாளியம்மாவுக்கு வாய் கொஞ்சம் நீளம்தான். ஆனால் சூளையைச் சுற்றி அவர் நட்ட மரங்களைப் பார்த்தால் யாரும் அதை மன்னித்துவிடுவார்கள். குடம் குடமாய்த் தண்ணீர் தூக்கி ஊற்றி வளர்த்தவை. புகைபோக்கியோடு போட்டி போட்டுக்கொண்டு நின்றன.

இரண்டாவது சூளை போட வேண்டும் என்பது அவருடைய நெடுநாள் ஆசை. புகை இன்னும் கூடும் என்று தெருக்காரர்கள் முறுக்கிக்கொண்டு நின்றார்கள். "சூளை விடுற கரியமில வாயுவை எல்லாம் என் மரமே குடிச்சிடும். இல்லைன்னு ஆயிட்டா ரெண்டாவது சூளைப் பேச்சையே எடுக்க மாட்டேன்" என்று மார்தட்டிவிட்டு, அளந்து சொல்ல மகளையே வரவழைத்தார். காடு காடாகப் போய் மரம் அளப்பதுதான் அவள் வேலை.

மகள் வந்ததும், தானே ஏற்கெனவே நாடா சுற்றி அளந்து பார்த்துவிட்டதாக அம்மா பெருமையடித்தார். அளந்த இடத்தையும் தொட்டுக் காட்டினார். மகள் சிரிப்பை அடக்கப் பெரும்பாடு பட்டாள்.

"அம்மா, எல்லாத்தையும் வேர்க்கிட்ட அளந்திருக்கே. அங்க எந்த மரமும் குண்டாத்தான் இருக்கும். நெஞ்சு உயரத்துல அளக்கணும்."

"யார் நெஞ்சு? உன்னுதா, என்னுதா? நான் குள்ளம்டி!"

"யார் நெஞ்சும் இல்ல. அதுக்குன்னு ஒரு உயரம் வச்சிருக்காங்க."

சாயங்காலம்வரை அளந்து, அந்தச் சுற்றளவை வைத்து மரங்கள் எவ்வளவு வாயு குடிக்கும் என்று கணக்குப் போட்டாள். பிறகு அம்மா பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"இத்தனை மரமும் வருஷம் பூரா குடிக்கிறதை நம்ம சூளை நாலஞ்சு நாள்ல விட்டுடுதும்மா."

அம்மாவுக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. "கொஞ்சம் கூட்டிச் சொன்னா உன் நாடா தேஞ்சா போயிடும்? பெத்தவடி நான்!"

"பெத்தவன்னுதான் உங்கிட்ட முதல்ல சொல்றேன்."

மகளின் கண் கலங்கியது. ஆனால் சொன்னதை மாற்றவில்லை.

தெருவே பயப்படும் தன் வாய்க்கு முன்னால் இப்படி நின்றவர்கள் இதுவரை யாருமில்லை. கோபம் இருந்த இடத்தில் பெருமை வந்து சட்டமாக உட்கார்ந்துகொண்டது. அம்மாவால் அதை மறைக்கக்கூட முடியவில்லை.

வாசலில் தெருக்காரர்கள் கூடிவிட்டார்கள். அம்மா எழுந்து போய், சுற்றி வளைக்காமல் சொன்னார்:

"என் மரம் நல்ல மரம்தான். ஆனா வருஷம் பூரா குடிச்சாலும் சூளை நாலஞ்சு நாள் விடுற வாயுவுக்குத்தான் காணுமாம். ரெண்டாவது சூளை கிடையாது. இருக்கிறதுலயும் எரிக்கிறதைக் குறைக்க வழி பாக்கறேன்."

எதிர்வீட்டுத் தையல்காரருக்கு நம்பிக்கை வரவில்லை. "அளந்தது யாரு? சரியாத்தான் அளந்தாங்களா?"

"என் பொண்ணுய்யா! பெத்த தாய்க்காகக்கூட ஒரு விரக்கடை கூட்டிப் போடாதவ. வேற யாருக்குய்யா போடப்போறா?"