எட்டு எட்டாகக் கழித்தவள்

"நூறிலிருந்து ஏழைக் கழித்தால் எத்தனை?" என்று சாரங்கா டேனிஷில் கேட்டபோது போபா யன்னலைப் பார்த்தாள். வெளியே டென்மார்க்கின் ஹொல்ஸ்டெப்ரோ நகரத்து மார்ச் மாத மழை, விழுகிறதா தொங்குகிறதா என்று தெரியாதபடி நின்றது. போபாவின் மூக்கில் கண்ணாடி இல்லை. காலையில் நான் தேநீரோடு வந்தபோது இருந்தது. அதைப் போட்டுக்கொண்டு பத்திரிகையில் வரும் எண்கட்டத்தைப் பேனாவால் நிரப்பிக்கொண்டிருந்தாள். பென்சிலால் அல்ல, பேனாவால். அழிக்க வேண்டி வராது என்கிற திமிர். இப்போது அதே கை, பென்சிலைக் கத்தி பிடிப்பதுபோல முழுக் கையாலும் பொத்திப் பிடித்திருந்தது.

"தொண்ணூற்றிரண்டு" என்றாள்.

"அதிலிருந்து இன்னொரு ஏழு?"

"எண்பத்துநாலு."

கணக்கில் அவள் பிழை விட்டு நான் கண்டதில்லை.

போபாவின் கதவும் என் கதவும் எதிரெதிர். முப்பத்திரண்டு வருடமாக. அவள் கம்போடியாக்காரி. போபா என்றால் அவர்கள் மொழியில் பூ. என் பெயர் மனோரஞ்சிதமும் ஒரு பூதான் என்று நான் சொன்ன நாளிலிருந்து, எங்கள் மூன்றாம் மாடிப் படிக்கட்டுக்குப் பூந்தோட்டம் என்று அவளே பெயர் வைத்துவிட்டாள். நாங்கள் கதைப்பது டேனிஷ். ஒரே மொழிப் பள்ளியில், ஒரே வாங்கில் இருந்து, ஒரே பிழைகளைப் படித்ததால் எங்கள் டேனிஷ் எங்கள் இருவருக்கு மட்டும்தான் நன்றாக விளங்கும். என் காதில் அது யாழ்ப்பாணத் தமிழாகவே விழுகிறது பிள்ளைகளே. அப்படியே சொல்கிறேன்.

போன மாதம் அடுப்பில் சட்டியை வைத்துவிட்டு, யன்னலோரக் கங்குன் கீரைத் தொட்டிகளுக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டு நின்றதில் மறந்துபோனாள். புகை படிக்கட்டு வரைக்கும் வந்து தீயணைப்பு வண்டியும் வந்தது. அதன்பிறகு கொம்யூன், நகரசபையை இங்கே எல்லோரும் அப்படித்தான் சொல்வோம், அவளுடைய ஞாபகத்தைச் சோதிக்க ஆள் அனுப்பியது. முப்பதுக்கு எத்தனை புள்ளி என்று பார்ப்பார்கள். குறைந்தால் மருத்துவர், பிறகு கூட்டம், பிறகு ஊருக்கு வெளியே மறதிநோய்க்காரருக்கான பூட்டிய இல்லம். அவளுக்கு இங்கே என்னை விட்டால் ஆள் இல்லை. எனக்கும் அந்த எதிர்க்கதவை விட்டால் பெரிதாக ஒன்றும் இல்லை.

வந்தது எங்கள் தமிழ்ப் பிள்ளைதான். சாரங்கா, இந்த நாட்டிலேயே ஹோர்சன்ஸில் பிறந்து வளர்ந்தவள். இருபத்தாறு வயது, கறுப்பு ஜாக்கெட், கறுப்புக் காற்சட்டை, நல்ல சிரிப்பு. "அன்ரி, நீங்கள் உதவி செய்யக்கூடாது. கண்ணாலயும் கூடாது" என்று தொடக்கத்திலேயே என்னைச் சோபாவின் மூலைக்கு அனுப்பிவிட்டாள். பிறகு போபாவிடம் அன்பாகத்தான் கேட்டாள், இளவயதில் என்ன வேலை செய்தீர்கள் என்று.

"சந்தையில் வெற்றிலை விற்றேன்."

"உங்கள் கணவர்?"

"ரிக்‌ஷா மிதித்தார். எங்களுக்கு எழுத்து வாசனை இல்லை."

கம்போடியத் தலைநகர் நொம்பென்னில் உயர்வகுப்புக்குக் கணிதம் படிப்பித்தவள் இதைச் சொன்னாள். புருஷன் மருந்துக்கடை வைத்திருந்தவர். நான் வாயைத் திறக்கப் போனேன். சாரங்கா கண்ணால் என்னை அமர்த்தினாள். பிறகு கணக்கு. அதன்பிறகு மணிக்கூடு கீறச் சொன்னதற்கு, போபா ஒரு வட்டம் போட்டு எல்லா எண்களையும் ஒரே பக்கத்தில் திணித்தாள். கடைசியாகச் சாரங்கா என்னைக் காட்டி, "இவர் யார்?" என்று கேட்டாள்.

போபா என்னை ஆறுதலாகப் பார்த்தாள். முப்பத்திரண்டு வருடம் என் உப்பையும் புளியையும் தெரிந்த கண்கள்.

"தெரியாது" என்றாள்.

பொய் சொல்ல மாட்டேன், எனக்குக் கண் கலங்கிவிட்டது. தேநீர் போடுகிற சாட்டில் எழும்பினேன். போபாவும் பின்னாலேயே குசினிக்குள் வந்து கதவைச் சாத்தினாள். முகம் பூத்திருந்தது, பரீட்சையில் முதலாம் பிள்ளையாக வந்தவள்போல.

"பாத்தியோ மனோ, ஒண்டும் சரியாச் சொல்லேல்ல. ஒண்டு கூட."

"உனக்கென்ன விசரே? ஏன் இப்பிடிச் செய்தனீ?"

"கறுப்பு உடுப்பு" என்றாள் மெதுவாக. "சின்னப் பிள்ளை. கையில தாள். சிரிச்சுக்கொண்டு முதல் கேட்டது என்ன வேலை எண்டு."

அப்போதுதான் எனக்கு விளங்கியது. பொல்பொட்டின் கம்யூனிஸ்ட் ஆட்சி அவளுடைய நாட்டைப் பிடித்தபோது பட்டணத்துச் சனம் முழுவதையும் வயலுக்கு நடத்திக்கொண்டு போனார்கள். வழியிலேயே அவள் தன் கண்ணாடியைச் சேற்றுக்குள் மிதித்துத் தாட்டாளாம். படித்தவர்களைத் தேடித் தேடிக் கொன்றார்கள். கறுப்புடுப்புப் போட்ட இளம் பிள்ளைகள் தாளோடு வந்து, தன்மையாக, திரும்பத் திரும்ப ஒவ்வொருவருடைய கதையையும் எழுதுவித்தார்கள். இவள் ஒவ்வொரு தடவையும் வெற்றிலைக்காரி. பொதுச் சமையலறையில் ஊற்றிய கஞ்சியில் எத்தனை பருக்கை என்று நாளும் மனதுக்குள் எண்ணுவாளாம், உதடு அசையாமல். எண்ணத் தெரிந்தவள் என்று ஒருவருக்கும் தெரியக்கூடாது. ஒருநாள் காய்ச்சலில் கிடந்த குழந்தையின் தாய் எங்கிருந்தோ ஒரு மருந்துப் போத்தலோடு வந்தாள். போபாவின் புருஷன் போத்தலில் ஒட்டியிருந்த துண்டின் பிரெஞ்சு எழுத்தை வாசித்து, எத்தனை துளி என்று சொல்லிவிட்டார். குழந்தை பிழைத்தது. அவரைப் படிப்புக்கு என்று கூட்டிக்கொண்டு போனார்கள். அவர் திரும்பி வரவில்லை. இதை அவள் எனக்குச் சொல்லி இருபது வருடம் இருக்கும். ஒருமுறைதான் சொன்னாள்.

"சரி, அதுக்கு என்னைத் தெரியாது எண்டு சொல்லுவியோ?"

"தெரியும் எண்டால் உன்ர பேரையும் எழுதுவாளே" என்றாள், இதுகூடத் தெரியாதா என்பதுபோல.

கேத்தில் கொதித்தது. ஊரில், சண்டைக் காலத்தில், சோதனைச் சாவடியில் ஒருவன் என் தம்பியின் படத்தைக் காட்டிக் கேட்டபோது நானும் தெரியாது என்கிற அதே சொல்லைத்தான் சொன்னேன். அதற்கு மேல் அவளோடு கோபிக்க எனக்கு என்ன இருக்கிறது?

அவளுடைய இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு சொன்னேன். "போபா, இஞ்ச வேற மாதிரி. பிழையாச் சொல்லுற ஆக்களைத்தான் கூட்டிக்கொண்டு போவினம். சரியாச் சொன்னால் வீட்டிலயே விட்டிடுவினம்."

அவள் என்னையே பார்த்தாள். பிறகு சிரித்தாள்.

"அங்க தெரிஞ்ச ஆக்களைக் கொண்டுபோனவங்கள். இஞ்ச தெரியாத ஆக்களையோ? எப்பதான் மனோ ஆக்களைச் சும்மா விடுவாங்கள்?"

தேநீரோடு நான் வெளியே வந்தபோது சாரங்கா எழுதி முடித்திருந்தாள். "பதினொண்டு அன்ரி. முப்பதுக்குப் பதினொண்டு. எனக்கும் கவலைதான்."

"பிள்ளை, அந்தக் கணக்கை ஒருக்கால் காட்டும்."

"காட்டக்கூடாது அன்ரி."

"அப்ப நீரே பாரும். என்ன சொன்னவ?"

"தொண்ணூற்றிரண்டு, எண்பத்துநாலு, எழுபத்தாறு, அறுபத்தெட்டு." வாசித்துக்கொண்டு போனவள் நின்றாள். விரலை மடித்துப் பார்த்தாள். "எட்டு. ஒவ்வொரு முறையும் எட்டு."

"ஏழைக் கழிக்கத் தெரியாத ஆள் பிழையை இப்பிடி ஒழுங்கா விடுவாவோ?"

போபாவின் கதையை நாலு வசனத்தில் சொன்னேன். சாரங்கா தேநீரைக் குடிக்காமல் கோப்பையைச் சுற்றிக்கொண்டிருந்தாள். இடையில் தன் ஜாக்கெட்டின் கையை ஒருமுறை பார்த்தாள். எழுதினதை மாற்ற முடியாது, ஆனால் இரண்டு கிழமை கழித்து இன்னொரு தடவை சோதிக்கலாம் என்றாள். அவ்வளவுதான் தன்னால் முடியும் என்றாள்.

அந்த இரண்டு கிழமையும் போபா கண்ணாடியோடுதான் திரிந்தாள். நான் காலையும் மாலையும் அதே கதையைச் சொன்னேன். சரியாச் சொன்னால் விட்டிடுவினம். ஓம் ஓம் என்று கேட்டுக்கொண்டு எண்கட்டம் நிரப்புவாள். நம்பினாளா என்று எனக்குத் தெரியாது. அவளை உயிரோடு வைத்திருந்தது அந்த வெற்றிலைக்காரிப் பொய்தான். அதைக் கழற்றி வை என்று சொல்ல நான் யார்?

சாரங்கா வந்த அன்று அழைப்புமணி அடித்ததும் திரும்பிப் பார்க்கிறேன், போபாவின் மூக்கு மறுபடி வெறுமையாக இருந்தது.

பிள்ளை மஞ்சள் கம்பளிச் சட்டை போட்டு வந்திருந்தாள். அவளுக்குக் கொஞ்சமும் பொருந்தாத மஞ்சள். "அம்மான்ர" என்று என் காதுக்குள் சொன்னாள். இந்தமுறை என்னைச் சோபாவுக்கு அனுப்பவில்லை. "கையைப் பிடிச்சுக்கொண்டு இருக்கலாம் அன்ரி. வாய் மட்டும் திறக்கக்கூடாது." பிறகு புதுத் தாளை மேசையில் வைத்து, பென்சிலை அதன்மேல் வைத்து, வேலையைப் பற்றி ஒன்றும் கேட்காமல், தன் கைகளை மடியில் போட்டுக்கொண்டு சும்மா இருந்தாள்.

போபா தாளைப் பார்த்தாள். மஞ்சள் சட்டையைப் பார்த்தாள். பிறகு என்னை. எழும்பிக் குசினிக்குள் போனாள்.

அரிசி வாளியின் மூடி திறக்கும் சத்தம் கேட்டது. கைவிட்டு அளைகிற சரசரப்பு, நெடுநேரம். சாரங்கா என்னைப் பார்த்தாள். நான் வாய் திறக்கவில்லை.

போபா வந்து இருந்தாள். கையில் கண்ணாடி. வில்லையில் அரிசிமா வெள்ளையாகப் படிந்திருந்தது. அதைச் சட்டை நுனியால் துடைத்து, மூக்கில் போட்டு, பென்சிலை மூன்று விரலால் எடுத்தாள். மற்றக் கை மேசைக்குக் கீழே என் கையைத் தேடிப் பிடித்தது. குளிர்ந்திருந்தது. கண்ணாடியின் கால் மடியும் இடத்தில், அவள் காதுக்குப் பக்கத்தில், ஒரு அரிசிமணி விழாமல் ஒட்டிக்கொண்டிருந்தது.