பெல்ட்டில் தொங்கிய சாவி

"உன்ட ஊட்டுல இருந்துக்கிட்டு உன்னோட சண்ட புடிக்க ஏலுமா?"

"புடிச்சித்தான் பாருங்களன்."

"என்ன செய்வாய்?"

"உங்கட செருப்பு ரெண்டையும் எடுத்து வாசல்ல வெப்பன். போட்டுக்கிட்டு உங்கட உம்மாட ஊட்டுக்குப் போக வேண்டியதுதான்."

"செருப்பாவது தாறியே! நல்ல மனசுக்காரி."

கலியாணமான புதிதில் மசூரும் ஸம்ஸியாவும் இப்படிக் கதைத்துச் சிரித்ததுண்டு. சாய்ந்தமருதில், கடற்கரையோரமாக, அவளுடைய வாப்பா அவளுக்கென்று கட்டிக் கொடுத்த வீடு அது. அந்த ஊர்களில் பெண்ணுக்கு வீடு கொடுத்துத்தான் கலியாணம். மாப்பிள்ளை பெட்டியோடு பெண் வீட்டுக்கு வந்து சேருவான். அதனாலோ என்னவோ, அந்த வீட்டில் இருந்தவரை மசூர் குரலைக்கூட உயர்த்தியதில்லை.

சுனாமியாகக் கடல் வந்த அன்று வீடு அடியோடு போனது. மூன்று வயது மகன் ஸம்ஸியாவின் கையிலிருந்து போனான். அலையில் வந்த கதவொன்று அவள் முழங்கையை முறித்தபோது விரல்கள் தாமாக விரிந்துகொண்டன. பிள்ளையின் சட்டையில் கிழிந்த ஒரு துண்டுதான் மிஞ்சியது.

போன வீட்டுக்குப் பதிலாக, கடலை விட்டுத் தள்ளி வயற்பக்கமாக ஒரு வீடு கிடைத்தது. கொடுக்க வந்தவர்கள் "குடும்பத் தலைவர் வாங்க" என்று கூப்பிட்டார்கள். மசூர் போய் நின்றான். படம் பிடித்தார்கள். கையில் கிடைத்த சாவியை அவன் சாரத்துக்கு மேலே கட்டியிருந்த அகலப் பச்சை பெல்ட்டில் கோர்த்துக்கொண்டான்.

அந்தக் கிழமையே முதல் அடி விழுந்தது. சோற்றில் உப்பில்லை என்று தொடங்கி, "மகனக் கடலுக்குக் குடுத்தவள்" என்று முடிந்தது. அதற்குப் பிறகு காரணமே தேவைப்படவில்லை. பெல்ட்டைக் கழற்றித்தான் அடிப்பான். சாவி பட்ட இடங்களில் அவள் முதுகு பொத்துப் போயிருந்தது. வெளியே போகும்போது அவளை உள்ளே வைத்துப் பூட்டிக்கொண்டு போவான். அந்தச் சாவியைக் கேட்க வேண்டும் என்று அவளுக்குத் தொண்டைவரை வரும். கேட்டால் கொன்றுவிடுவான் என்று விழுங்கிக்கொள்வாள். அயலவர்கள் முகத்தைப் பார்த்துக் கேட்டால், "அலுமாரிக் கதவு பட்டிட்டு" என்பாள்.

யுத்தம் முடிந்துவிட்டது என்று ரேடியோ சொன்ன கிழமையில்தான் மூத்த மகள் பஸ்மினாவையும் வீட்டையும் பார்க்க ஆட்கள் வருவதாக இருந்தது. மாப்பிள்ளை அஹ்ஸனுக்கு ஒலுவில் துறைமுகத்தில் வேலை. மகளுக்கு இந்த வீடு கிடைத்தால் அவளாவது தன் வீட்டில் தலை நிமிர்ந்து இருப்பாள். ஸம்ஸியாவுக்கு இருந்த ஆசை அது ஒன்றுதான்.

உம்மாவும் மகளும் குசினியில் பலகாரம் செய்துகொண்டிருந்தார்கள். மக்காவுக்கு உம்றா போய் வந்த அயல் வீட்டார் கொடுத்த பேரீச்சம்பழம். பக்கத்தில் கீறிக் கொட்டையை எடுத்துவிட்டு, வறுத்த கஜுப் பருப்பை உள்ளே வைத்து மூடினாள் ஸம்ஸியா. கொதிக்கும் தண்ணீர்ப் பானையின் மேல் கிண்ணத்தை வைத்துச் சொக்கலேட்டை உருக்கினாள் பஸ்மினா. பழங்களை முள்ளுக்கரண்டியால் ஒவ்வொன்றாகத் தோய்த்து, பட்டர் பூசிய தட்டில் அடுக்கினாள்.

"தண்ணிக் கையோட கிட்ட வராதீங்க உம்மா. ஒரு சொட்டுப் பட்டாலும் கட்டியாப் போயிரும்."

"நீ தின்னுற தினுசுல மாப்பிள்ளைக்கு ஒண்டும் மிஞ்சாது."

"அவரு உம்மாவத்தானே அனுப்புறாரு. அவருக்கு என்னத்துக்கு?"

ரோட்டில் வெடி கொளுத்தினார்கள். அந்தச் சத்தத்தில் மசூர் உள்ளே வந்தது கேட்கவில்லை.

"ஊட்ட இவளுக்கு எழுதிக் குடுக்கிறண்டு தரகருக்கிட்ட ஆருடி சொன்ன?"

"ஊடில்லாம ஆரு கலியாணம் முடிப்பாங்க?" என்றாள் ஸம்ஸியா மெதுவாக.

அறைந்த வேகத்தில் அவள் அடுப்பின் மேல் விழுந்தாள். பானை சரிந்து, கொதிநீர் இடது கையில் ஊற்றியது. மணிக்கட்டுத் தோல் வெள்ளையாகக் கழன்றது. கிண்ணத்துக்குள்ளும் தண்ணீர் தெறிக்க, மினுங்கிக்கொண்டிருந்த சொக்கலேட் மணல்போலத் திரண்டது. அவன் அவள் தலைமயிரைப் பிடித்துச் சீமெந்துத் திண்டில் மோதினான். ஒருதரம். மறுபடியும்.

"உடுங்க வாப்பா!" பஸ்மினா அவன் கையில் தொங்கினாள்.

பெல்ட் கழன்று சுழன்றது. சாவி பிள்ளையின் புருவத்தைக் கிழித்தது. தட்டின் ஓரத்துப் பழங்களில் இரத்தம் சொட்டியது. மகளை அவன் அடித்தது அதுதான் முதல் தடவை. வெளியே வெடி விடாமல் வெடித்தது.

மசூர் பெல்ட்டைக் கட்டிக்கொண்டான். "மூஞ்சக் கழுவுங்க. ஆக்கள் வரப்போறாங்க."

ஸம்ஸியா இரத்தம் பட்ட பழங்களைப் பொறுக்கி எறிந்தாள். மிச்சத்தை வேறு தட்டில் வைத்தாள். வெந்த கையை முக்காட்டுக்குள் மறைத்துக்கொண்டாள்.

மாப்பிள்ளையின் உம்மா லைலா ஒரு பழத்தைக் கடித்துப் பார்த்து, "கடையில வாங்கினமாதிரி இருக்கு" என்றாள். பிறகு பஸ்மினாவின் முகத்தை நிமிர்த்தினாள். "என்ன மகள் இது?"

"அலுமாரிக் கதவு பட்டிட்டு மாமி."

சொல், குரல், குனிந்த தலை எல்லாம் ஸம்ஸியாவுடையவை. யாரும் சொல்லிக் கொடுக்காமலே பிள்ளை படித்திருந்தாள்.

லைலா மசூரைப் பார்த்தாள். "ஊடு புள்ளைக்குத்தானே?"

"ஊடு என்ட பேருல." மசூர் சிரித்தபடி பெல்ட்டைத் தட்டினான். "மருமகன் இஞ்ச வந்து இருக்கட்டும். சாவி என்னட்ட இருக்கும்."

ஸம்ஸியா எழுந்தாள். முக்காட்டை விலக்கி, தோலுரிந்த கையை எல்லோரும் பார்க்க அவன் முன்னே நீட்டினாள். லைலாவின் வாயிலிருந்து "அல்லாஹ்" என்ற சத்தம் வந்தது. மசூரின் சிரிப்பு அப்படியே நின்றது.

"போன ஊட்டுக்கு வந்த ஊடு இது. என்ட புள்ளைக்குரியது," என்றாள். "உங்கட செருப்பு வாசல்லதான் கிடக்குது. சாவியத் தாங்க."