பவளத் தொட்டியில் பச்சைப் பாசி

தினமும் காலை ஆறரை மணிக்கு, காப்பியைத் தொடுவதற்கும் முன்னால், திருச்செல்வம் தம் வீட்டுக் கூடத்திலிருந்த கடல்நீர்த் தொட்டியின் எதிரே நாற்காலியைப் போட்டு அமர்வார். பூதக்கண்ணாடியால் பவளங்களை ஒவ்வொன்றாகப் பார்ப்பார். காந்தத் துடைப்பானால் கண்ணாடியை வழிப்பார். ஆவியாகிக் குறைந்த அளவுக்கு, அவ்வூர்ப் பேச்சில் 'தோங்' எனப்படும் நீலப் பீப்பாயிலிருந்து உப்பில்லாத நீரை ஊற்றித் தொட்டியின் நீர்மட்டக் கோட்டுக்குக் கொண்டுவருவார். செனாயில் ஒரு தொழிற்சாலையில் முப்பது ஆண்டுகள் தரச் சோதனைப் பிரிவில் இருந்தவர். குறை ஒன்று இருந்தால், அதைச் செய்த கை ஒன்று இருந்தே தீரும் என்பது அவர் கொள்கை.

எல்லை தாண்டிச் சிங்கப்பூரில் மகள் வீட்டில் ஒரு வாரம் தங்கித் திரும்பிய ஒரு திங்கட்கிழமை, அவர் அந்தக் குறையைக் கண்டார். தொட்டிப் பாறையெங்கும் பச்சை மயிரைப் போல் பாசி. ஆறாண்டுகளாக ஒற்றைக் கிளையிலிருந்து வளர்த்த சுத்தியல் பவளத்தின் அடியை அது எட்டியிருந்தது. இன்னும் ஏறினால் பவளம் பிழைக்காது.

அவர் ஊரில் இல்லாதபோது மீன்களுக்கு இரை போடுபவர் அடுத்த வீட்டு வினிஃப்ரெட். நான்காண்டுகளாக வீட்டுச் சாவி அவரிடமே இருந்தது. இரை மிகுந்தால் பாசி மிகும். திருச்செல்வத்துக்கு வேறு சாட்சி தேவைப்படவில்லை.

அடுத்த பயணத்துக்கு முன், வேளைக்கு ஒன்றாக இரையைப் பொட்டலம் கட்டி வைத்தார். இரை டப்பாவின் உட்புறம் பேனாவால் ஒரு கோடும் இழுத்தார். திரும்பி வந்து பார்த்தால், டப்பாவில் இரை கோட்டளவிலேயே இருந்தது. பாசி மட்டும் விரல் நீளத்துக்கு வளர்ந்திருந்தது. வேறொருவர் என்றால் நிம்மதி அடைந்திருப்பார். இவருக்கோ ஐயம் இரட்டித்தது. டப்பாவைத் தொடவில்லையென்றால், தன் வீட்டிலிருந்து எதையோ கொண்டுவந்து போடுகிறார்!

வேலியோரம் நின்று கேட்டார்: "வினி, ரொட்டி கிட்டி ஏதும் போட்டியா?"

உடைந்த வாளியிலிருந்த கறிவேப்பிலைச் செடிக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்த வினிஃப்ரெட் சிரித்தார். "அலமாக்! நான் என்ன மைனாவா வளக்குறேன், ரொட்டி போட?"

அந்தச் சிரிப்பும் அவருக்குச் சான்றாகவே பட்டது.

ஞாயிற்றுக்கிழமை அர்ச்சுனனின் தேநீர்க் கடையில், நாலு பேர் கேட்க, திருச்செல்வம் ஒரு கதை சொன்னார். "ஒரு குளத்துல ஒரு கொக்கு. வெளியூர் போறப்ப நண்டைக் காவல் வச்சுட்டுப் போச்சு. திரும்பி வந்து பாத்தா குளமே கலங்கிக் கெடக்கு. கலக்குனது யாரு? காவல் இருந்த நண்டுதான்!"

"யாரண்ணே அந்த நண்டு?" என்றான் அர்ச்சுனன்.

"அடுத்த வீட்டுலதான் இருக்கு."

சிரிப்பு அடங்குவதற்குள் மேசைமீது ஒரு சாவி விழுந்தது. தேவாலயத்தில் பூசை முடிந்து வடை வாங்க வந்த வினிஃப்ரெட் பின்னால் நின்றிருந்தார்.

"நான் தொட்டது ரெண்டே ரெண்டுதாண்ணே. நீங்க கட்டி வச்ச பொட்டலம். தொட்டிக் கோடு வரைக்கும் ஊத்தச் சொன்ன உங்க நீலத் தோங் தண்ணி. வேற ஒண்ணும் தெரியாது இந்த நண்டுக்கு." வடையை வாங்காமலே போய்விட்டார்.

அதன்பின் திருச்செல்வம் மூன்று வாரம் சிங்கப்பூருக்குப் போகவில்லை. இரையைப் பாதியாகக் குறைத்தார். பாசியை விரலால் பிய்த்தார். பாசி தின்னும் நத்தைகளை வாங்கி விட்டார். வீட்டுக்குள் வேறு யாரும் வரவில்லை. பாசியோ பவளத்தின் இரண்டு கிளைகளை மூடிவிட்டது. இப்போது சந்தேகப்பட ஆளில்லை. அப்போதுதான் 'உங்க நீலத் தோங்' என்ற சொல் நினைவில் உறுத்தியது.

பாசிக்கு உரமாகும் பாஸ்பேட்டை அளக்கும் மருந்தை எடுத்தார். குழாய்நீரைச் சுத்திகரிக்கும் வடிகட்டியிலிருந்து நேராகப் பிடித்த நீரில் ஒரு சொட்டு விட்டார், நிறம் மாறவில்லை. அதே நீரைச் சேர்த்து வைத்திருந்த நீலப் பீப்பாயிலிருந்து ஒரு குப்பி எடுத்துச் சொட்டு விட்டார். குப்பி கருநீலமாயிற்று.

அந்தப் பீப்பாயை இரண்டு மாதத்துக்கு முன் பெக்கான் நானாஸில் ஓர் அன்னாசித் தோட்டக்காரரிடம் பழையதாக வாங்கியவர் அவரே. மலிவாகக் கிடைத்ததென்று அர்ச்சுனன் கடையில் பெருமையும் பேசியிருந்தார். கவிழ்த்துப் பார்த்தார். அடியில், கிழித்தது போக எஞ்சிய ஒட்டுத்தாளில், திரவ உரத்தின் பெயர் பாதி தெரிந்தது. மூன்று முறை கழுவினால் போதுமென்று நம்பி, தினமும் காலையில் பாசிக்கு உரம் ஊற்றி வந்தது அவருடைய கைதான்.

அடுத்த ஞாயிறு, அதே கடை, அதே மேசை. வினிஃப்ரெட் வடைக்காக நின்றபோது திருச்செல்வம் எழுந்தார்.

"அர்ச்சுனா, அன்னிக்குக் கதைய நான் முழுசா சொல்லல. குளத்தைக் கலக்குனது நண்டு இல்ல. கொக்கு தன் கால்ல சேத்தை அப்பிக்கிட்டு வந்து, அதே குளத்துல தினம் எறங்கி நின்னுச்சு. நண்டைப் பாத்த கண்ணு காலைப் பாக்கல. அந்தக் கொக்கு நான்தான். வினி மேல ஒரு தப்பும் இல்ல. நாலு பேர் முன்னாடி சொன்ன பொய்ய நாலு பேர் முன்னாடியே திருப்பி எடுத்துக்கிறேன்."

கடையில் யாரும் சிரிக்கவில்லை. வினிஃப்ரெட் முகம் இளகவில்லை. "பவளம்?"

"ரெண்டு கிளை போச்சு. மூணு தேறும் போல."

"அந்தத் தோங்?"

"காலையிலயே பாதியா அறுத்துட்டேன். அடியில ஓட்டை போட்டு, மண்ணு நெரப்பி, உன் வாசல்ல வச்சிருக்கேன். பாசிக்குப் புடிச்சது கறிவேப்பிலைக்கும் புடிக்கும். உடைஞ்ச வாளியில எத்தன நாளு நிக்கும் பாவம்?"

பையிலிருந்து சாவியை எடுத்து, இரு கைகளாலும் அவர் முன் நீட்டினார்.